குளிர்நாட்டுக் கார் கொட்டகையும் நம் வீட்டு மூச்சும்



குளிர்நாட்டில் ஒரு கார் கொட்டகையைச் சூடாக வைத்திருக்க எந்த ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேசப் போகின்றோம். "வியர்த்துக் கொட்டும் தோட்டத்தில் வாழ்கிற நமக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று குளிர்நாடுகளில் உழைத்துப் பிழைக்கின்றார்கள். அங்கே ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் நுழைந்த ஆபத்து, இங்கே நம் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியது. ஆகவே சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவன் கனடா நாட்டின் மனிதோபா மாநிலத்தில், வின்னிபெக் நகரத்தில் குடும்பத்தோடு வாழ்கின்றான். அவனுடைய தாயார் பால்வெட்டுக்குப் போய் அவனைப் படிக்க வைத்தவர். வாகனப் பழுது வேலை கற்ற பையன் அவன். பகலில் ஒரு பட்டறையில் வேலை. மாலையில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் தெரிந்தவர்களின் கார்களைப் பழுது பார்த்துச் சிறிது பணம் சேர்ப்பான்.

வின்னிபெக் நகரத்துக் குளிர் எப்படிப்பட்டது? சனவரி மாத இரவுகளில் சுழியத்துக்குக் கீழ் 20 பாகை என்பது அங்கே வழக்கமான குளிர். சில நாள்களில் சுழியத்துக்குக் கீழ் 30 பாகையையும் தாண்டும். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் மீனை உறைய வைக்கும் தட்டுகூடச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகைதான். அந்தக் குளிரில் கார் எண்ணெய் கெட்டியாகிவிடும். இரவில் இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்க ஒரு சிறிய மின்கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகி வைப்பார்கள். ஈரக் கையால் இரும்புச் சாவியைத் தொட்டால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் சூடு இல்லாமல் வேலை செய்ய முடியாது.

ஒரு நவம்பர் மாதம் அவன் எங்களைத் தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, கொட்டகையில் சூடு நிற்க மாட்டேன் என்கிறது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் கை விறைக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

நாங்கள் வகுப்பில் சொல்லித் தந்ததையே மீண்டும் சொன்னோம். வெப்பம் மூன்று வழிகளில் பயணம் செய்யும். சுவர், கதவு, கூரை ஆகியவற்றின் ஊடே கடந்து போகும், இது கடத்தல். காற்றோடு கலந்து இடுக்குகளின் வழியே வெளியேறும், இது சலனம். வெயில் நம் முதுகில் படுவதைப் போல நேராகவும் பாயும், இது கதிர்வீச்சு. "தம்பி, பிளாஸ்கில் தேநீர் ஏன் ஆறுவதில்லை? அதைப் போலக் கொட்டகையை ஆக்கு. சுவருக்குள் பஞ்சுத் தட்டி வை. இடுக்குகளையெல்லாம் அடை" என்றோம். அவனும் அப்படியே செய்தான்.

நேயர்களே, நாங்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. அவன் எந்த வகை ஹீட்டரை எரிக்கின்றான் என்று கேட்கவே இல்லை.

சனவரி மாதத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவன், "கொட்டகை இப்போது நல்ல சூடு, ஐயா. ஆனால் சில நாள்களாகத் தலைவலி. சின்னவள் என் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள்; அவளுக்கும் இன்று வாந்தி. காய்ச்சல் போலிருக்கிறது" என்றான்.

"உடம்பு சுடுகிறதா?"

"இல்லை, ஐயா."

"வீட்டுக்குள் போனால் தலைவலி எப்படி இருக்கிறது?"

"கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது."

"என்ன ஹீட்டர் வைத்திருக்கிறாய், தம்பி?"

வீடு கட்டும் இடங்களில் வைக்கிற கேஸ் ஹீட்டர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தான். புகைக் குழாய் இல்லை. தீ நாக்குகள் கொட்டகைக்குள்ளேயே எரிந்து, அதன் கழிவும் கொட்டகைக்குள்ளேயே தங்கியது. திறந்த இடத்தில் மட்டுமே பயன்படுத்துக என்ற எச்சரிக்கைத் தாள் எப்போதோ கிழிந்து போயிருந்தது. முன்பெல்லாம் இடுக்குகளின் வழியே நச்சுக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. எங்கள் சொல்லைக் கேட்டு அந்த இடுக்குகளையும் அடைத்துவிட்டான்.

"உடனே அணை. பெரிய கதவைத் திற. எல்லாரும் வெளியே போங்கள். அவசர எண்ணைக் கூப்பிடு" என்றோம். தீயணைப்பு வீரர்கள் வந்து கருவி வைத்து அளந்தார்கள். கொட்டகையிலும், அதை ஒட்டிய அறையிலும் கார்பன் மோனோக்சைடு இருந்தது. குழந்தையை ஓர் இரவு மருத்துவமனையில் வைத்து உயிர்வளி கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கின்றாள். அந்த இரவு எங்களுக்கு உறக்கம் இல்லை.

கார்பன் மோனோக்சைடு என்பது என்ன? கரி, விறகு, மண்ணெண்ணெய், கேஸ், பெட்ரோல் என்று எதை எரித்தாலும் தீக்குக் காற்று வேண்டும். போதிய காற்று கிடைக்காதபோது எரிதல் அரைகுறையாகும். அப்போது பிறப்பதுதான் இந்த வாயு. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணையும் உறுத்தாது. நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமந்து செல்கின்றன அல்லவா? அந்த அணுக்களில் இந்த வாயு உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. பேருந்தில் வேறு யாரோ இடம் பிடித்துக்கொண்டால் நாம் ஏற முடியாததைப் போல, உயிர்வளி ஏற இடமில்லாமல் போகிறது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே மனிதன் மூச்சுத் திணறுகின்றான். ஆனால் திணறுவது அவனுக்கே தெரிவதில்லை. தலை வலிக்கும், சுற்றும், குமட்டும், கால் தளரும், உறக்கம் வரும். அந்த உறக்கத்திலிருந்து எழாமலே போனவர்கள் பலர்.

இரத்தத்தில் இந்த வாயு செய்யும் கேட்டைப் பிரான்சு நாட்டு அறிஞர் குளோட் பெர்னார்ட் 1850ஆம் ஆண்டுகளிலேயே ஆராய்ந்து கூறினார். பின்னர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிஞர், நிலக்கரிச் சுரங்கங்களில் இவ்வாயுவால் மாண்டவர்களைப் பற்றி ஆராய்ந்தார். சிறிய பறவைகளை இவ்வாயு மனிதரைவிட விரைவில் தாக்கும் என்பதால், சுரங்கத்தில் கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டு செல்லும் வழக்கம் வந்தது. குருவி சாய்ந்தால் ஆள்கள் வெளியேறிவிடுவார்கள். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டில்தான் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்து, மின்கருவிகளை வைத்தார்கள்.

இனி, அந்தப் பிள்ளைக்கு நாங்கள் இரண்டாம் முறை சொன்ன யோசனைகளைக் கேளுங்கள். இம்முறை புத்தகங்களைப் புரட்டி, அவனையும் அவனூர் மின்பணியாளரைக் கேட்கச் செய்து, நிதானமாகச் சொன்னோம்.

முதலாவது, எவ்வளவு சூடு வேண்டும்? கொட்டகை வீட்டுக் கூடம் அல்ல. சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய 10 பாகை போதும். இன்னொன்றும் உண்டு. குளிர்நாட்டுச் சாலைகளில் பனி உருக உப்பைத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் ஒட்டிய காரை மிகுந்த சூட்டில் வைத்தால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே அளவான சூடே நல்லது.

இரண்டாவது, சூட்டைத் தாங்கும் சுவர். இதில் எங்கள் பழைய யோசனை சரியே. ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உள்ள கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். வெளியே சுழியத்துக்குக் கீழ் 25 பாகை, உள்ளே 10 பாகை. சுவரிலும் கூரையிலும் பஞ்சுத் தட்டி இல்லாமல், இடுக்குகளும் இருந்தால், அந்தச் சூட்டைக் காக்க ஏறத்தாழ 13,000 வாட் சக்தி வேண்டியிருக்கும் என்று எங்கள் கணக்கில் வந்தது. தட்டி வைத்து, கதவைச் சீர்செய்தால் ஏறத்தாழ 3,500 வாட் போதும். ஒரு மின்கெண்டி 2,000 வாட் என்று கொண்டால், ஆறேழு கெண்டிகள் ஓயாமல் கொதிக்கும் செலவு, இரண்டு கெண்டிகளுக்கும் குறைவாக இறங்கிவிடுகிறது. நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் 52 யூனிட் எங்கே, 14 யூனிட் எங்கே! முதல் பணத்தை ஹீட்டருக்குச் செலவிடாமல் சுவருக்குச் செலவிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, எந்த ஹீட்டர்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புகைக் குழாய் இல்லாத கேஸ் அல்லது மண்ணெண்ணெய் ஹீட்டர் விலை மலிவு, சூடும் உடனே வரும். ஆனால் அதன் கழிவு முழுவதும் நம் மூச்சுக்கே வருகிறது. அது மட்டுமன்று. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகும். அந்த ஆவி குளிர்ந்த சுவரிலும் கருவிகளிலும் நீராய்ப் படிந்து துருவை உண்டாக்கும். உயிருக்கும் கேடு, பொருளுக்கும் கேடு.

விறகு அடுப்பு அங்கே கொட்டகைக்கு ஏற்றதன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். தரையருகே ஒரு பொறி இருந்தால் போதும், தீப்பற்றிக்கொள்ளும். அதனால்தான் கொட்டகையில் பொறி எழக்கூடிய சாதனத்தைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்கு மேல் பொருத்த வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. விறகு அடுப்பைக் கொட்டகையில் வைத்தால் பல காப்புறுதி நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை.

அடைப்புள்ள கேஸ் ஹீட்டர் என்று ஒன்று உண்டு. இதில் தீ ஒரு மூடிய பெட்டிக்குள் எரியும். ஒரு குழாயால் வெளிக்காற்றை வாங்கும். மற்றொரு குழாயால் கழிவை வெளியே விடும். பெட்டியின் சூடு மட்டுமே உள்ளே வரும். நாள் முழுதும் வேலை நடக்கும் பட்டறைக்கு இது மிகவும் ஏற்றது. உரிமம் பெற்ற பணியாளர் பொருத்த வேண்டும்; ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும்.

தரைக்கடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிடுவதும் உண்டு. படுத்து வேலை செய்கிறவனுக்கு அதைவிடச் சுகம் இல்லை. ஆனால் தரை போடும்போதே பதிக்க வேண்டும். சிமெண்டு சூடேறப் பல மணி நேரம் ஆகும். மாலையில் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறவனுக்கு இது ஒத்துவராது.

இன்று ஹீட் பம்ப் என்னும் கருவியும் பரவலாக வந்திருக்கிறது. நம் ஏர்கோன் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. இது வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட்டுக்கும் மேலான சூட்டைத் தரும். குளிர் கடுமையாகும்போது அந்த ஆதாயம் குறையும். வின்னிபெக் போன்ற ஊரில் மிகக் கடுமையான நாள்களுக்கு வேறொரு ஹீட்டரும் துணைக்கு வேண்டும்.

கடைசியாக, சுவரில் அல்லது மேற்கூரையில் பொருத்தும் மின் ஹீட்டர். இதில் எரிவது ஏதும் இல்லை. ஆகவே கழிவும் இல்லை. மனிதோபா மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் அணைக்கட்டு நீரிலிருந்து வருகிறது. அங்கே மின்கட்டணமும் குறைவு. பையன் இதைத்தான் தேர்ந்தெடுத்தான். 5,000 வாட் ஹீட்டர். தேவை 3,500 என்றாலும், சில்லிட்டுக் கிடக்கும் கொட்டகை விரைவில் சூடேறச் சற்றுக் கூடுதல் வேண்டும். 240 வோல்ட்டில் அது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரணப் பிளக்கில் செருகினால் கம்பி கருகிவிடும். எனவே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு 30 ஆம்பியர் தனிக் கம்பி போட்டான். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் தானே மூடிக்கொள்ளும் கதவு வைத்தான். இரண்டு பக்கமும் கார்பன் மோனோக்சைடு எச்சரிக்கை மணி மாட்டினான். கொட்டகைக்குள் காரை ஓடவிட்டு வேலை செய்வதையும் நிறுத்திவிட்டான். ஏனென்றால் ஹீட்டர் மாறினாலும் காரின் புகை மாறாது. பெரிய கதவு திறந்திருந்தாலும் அந்தப் புகை வீட்டுக்குள் நுழையும்.

நேயர்களே, வேறோர் ஊர், வேறொரு மின்கட்டணம் என்றால் தேர்வும் மாறலாம். மாறாத கேள்வி ஒன்று உண்டு. "இந்தத் தீ எங்கிருந்து மூச்சு வாங்குகிறது? எங்கே மூச்சு விடுகிறது?" என்பதே அது. நாம் மூச்சு வாங்கும் அதே அறையில் அதுவும் வாங்கி, அங்கேயே விட்டால், அந்த அறை மனிதர் இருக்கத் தக்கதன்று.

இது நம் பெரியவர்களுக்குத் தெரியாத செய்தியா? முன்பு கித்தாத் தோட்டங்களில் ஷீட் காய வைக்கப் புகைக்கூடம் இருந்தது. உள்ளே சூடு வேண்டும் என்பதற்காக அதை முழுவதும் அடைத்துவிடவில்லை. ஈரமும் புகையும் வெளியேற மேலே வழி வைத்திருந்தார்கள். தீயை மூட்டுகிறவர் அந்தத் திறப்பைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை அளந்தார். கித்தா ஷீட்டுக்கு வைத்த அந்த வழியை, நாம் உறங்கும் அறைக்கு வைக்க மறந்துவிடுகின்றோம்.

எங்கே மறக்கின்றோம்? பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குளிர் ஆகாது என்று சன்னலையெல்லாம் சாத்தி, கட்டிலடியில் கரிச்சட்டி வைக்கின்றோம். குழந்தையின் தலைமுடி காயச் சாம்பிராணி போடுகின்றோம். போடுங்கள், ஆனால் கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். வேலை முடிந்ததும் கங்குச் சட்டி வெளியே போய்விட வேண்டும். தாயும் சேயும் உறங்கும் அறையில் கங்கு இரவு முழுதும் கனன்றுகொண்டிருக்கக் கூடாது. கேமரன் மலையில் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைப்பதும் அதே ஆபத்துதான். கரியில் புகை தெரியாது. புகை தெரியாததால் நச்சு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

வெள்ள காலத்தை எண்ணிப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு கிளந்தானிலும், 2021ஆம் ஆண்டு சிலாங்கூரிலும் வெள்ளம் வந்தபோது எத்தனையோ வீடுகள் மின்சாரம் இன்றி இருந்தன. அப்படிப்பட்ட நாள்களில் ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து அஞ்சடியிலோ வீட்டுக்குள்ளோ வைத்து ஓட்டாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில், சன்னலுக்கு எதிர்ப்புறமாகப் புகை போகும்படி வையுங்கள்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் நெடும்பயணத்தில் ஓட்டுநருக்குக் கண் சொருகும். ஓரமாக நிறுத்தி உறங்குவது நல்லதுதான். ஆனால் ஏர்கோனுக்காக இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உறங்காதீர்கள். அப்படி உறங்கி உயிர் நீத்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி விடுங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, காய்ச்சல் இல்லாமலும், வெளியே வந்தால் தெளிந்தும் விட்டால், அது கண்ணேறும் அன்று, தடிமனும் அன்று. உடனே எல்லாரையும் வெளியே கொண்டு வாருங்கள். 999 எண்ணை அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரைக் காப்பாற்ற உள்ளே ஓடிய இரண்டாமவரும் விழுந்துவிடக்கூடும். கதவு சன்னல்களைத் திறந்து காற்று புகச் செய்வது முதல் வேலையாக இருக்கட்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் வெப்பம் பற்றிய பாடத்தை நன்றாகவே படித்தோம். எரிதலைப் பற்றிய பாடத்தையும் படித்தோம். இரண்டும் வேறு வேறு ஏடுகளில் இருந்தன. எங்கள் தலையிலும் வேறு வேறாகவே கிடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால் ஒரு பிள்ளையின் மகளை இழக்க இருந்தோம். இப்போதெல்லாம் வகுப்பில் வெப்பம் பற்றிப் பேசும் நாளில், கரும்பலகையில் ஓர் அடுப்பை வரைந்து, அதற்கு இரண்டு அம்புக்குறிகளும் போடுகின்றோம். ஒன்று காற்று வரும் வழி. மற்றொன்று காற்று போகும் வழி. இரண்டும் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்கின்றோம்.

இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளைகளோடு வீட்டைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். தீ எரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, அந்த இரண்டு அம்புக்குறிகளும் எங்கே என்று கேளுங்கள். விடை தெரியாத இடத்தில் ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள்.